டீனி ஹாரிஸ்: ஒரே ஷாட், எண்பதாயிரம் நெகட்டிவ் (விவாத இழை)

தெருவிளக்கு எழுதியது:

அமெரிக்கக் கறுப்பினப் புகைப்படக்காரர்கள் என்றாலே இங்கே பேச்சு கார்டன் பார்க்ஸோடு நின்றுவிடுகிறது. பார்க்ஸ் பெரிய ஆள், மறுப்பே இல்லை. ஆனால் அவர் வெள்ளையர்கள் நடத்திய பெரிய பத்திரிகைக்குள் நுழைந்து சாதித்தவர். கறுப்பின மக்களே நடத்தி, கறுப்பின மக்களே காசு கொடுத்து வாங்கிப் படித்த ஒரு செய்தித்தாளுக்காக ஒரே ஊரில் நாற்பது வருஷம் ஓடியாடிப் படம் எடுத்த ஒருவரைப் பற்றி இந்த இழையில் பேச ஆசைப்படுகிறேன். சார்லஸ் ‘டீனி’ ஹாரிஸ். ஊர் பென்சில்வேனியா மாநிலத்து எஃகு நகரமான பிட்ஸ்பர்க், செய்தித்தாள் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’.

1908ல் பிறந்தார். ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பினக் குடியிருப்பில் அவருடைய பெற்றோர் சின்னதாக ஒரு ஹோட்டல் நடத்தினார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இளவயதில் பேஸ்பால் பைத்தியம். பின்னாளில் புகழ்பெற்ற ‘பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ்’ அணி தெருப் பையன்களின் அணியாகத் தொடங்கியபோது அதில் இவரும் ஆடினார். அண்ணன் ‘வூகி’ ஹாரிஸ் அந்தப் பகுதியில் ‘நம்பர்ஸ்’ என்ற சட்டவிரோதச் சூதாட்டத்தை நடத்திய பெரும்புள்ளிகளில் ஒருவர். மூன்று இலக்க எண்ணில் ஐந்து காசு, பத்துக் காசு என்று ஏழைகள் கட்டுகிற சூதாட்டம் அது. கேமராவும் ஸ்டூடியோவும் வந்ததில் அண்ணன் பணத்துக்குப் பங்குண்டு.

1930களின் நடுவிலிருந்து 1975 வாக்கில் ஓய்வு பெறும்வரை கூரியருக்குப் படம் எடுத்தார். மேயர் டேவிட் லாரன்ஸ் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஒன் ஷாட்’. மற்ற புகைப்படக்காரர்கள் “இன்னொன்று சார், இன்னும் ஒன்றே ஒன்று” என்று நிற்கவைத்துக்கொண்டிருக்க, இவர் ஒரு தடவை ஃபிளாஷ் அடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாராம்.

இன்று பிட்ஸ்பர்க்கின் கார்னகி கலை அருங்காட்சியகத்தில் அவருடைய நெகட்டிவ்கள் சுமார் 80,000 இருக்கின்றன. ஒரு நகரத்தின் கறுப்பின வாழ்க்கையை இவ்வளவு நெருக்கத்தில், இவ்வளவு காலம், ஒரே கண் பார்த்த பதிவு அமெரிக்காவில் வேறு எங்காவது இருக்கிறதா என்பது என் சந்தேகம். இருபதாம் நூற்றாண்டின் முதல் வரிசைச் செய்திப் புகைப்படக்காரர்களில் அவர் ஒருவர் என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மழைக்காகம் எழுதியது:

நல்ல இழை. ஆனால் உங்கள் கட்சியை நான் அப்படியே ஏற்கவில்லை.

அருங்காட்சியகத் தளத்தில் நிறையப் பார்த்தேன். கல்யாணம், ஞானஸ்நானம், மகளிர் சங்க விருந்து, அழகிப் போட்டி, மதுக்கடை முன்னால் நிற்கும் நாலு பேர், புதுக் காருக்குப் பக்கத்தில் சிரிக்கும் குடும்பம். அழகாக இருக்கின்றன. ஆனால் இதைச் செய்திப் புகைப்படம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இருக்கிறது. புகைப்படக்காரர் மொனேட்டா ஸ்லீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1968ல் மார்ட்டின் லூதர் கிங் இறுதிச் சடங்கில், கருப்பு முகத்திரைக்குள் கொரெட்டா கிங், அவர் மடியில் சாய்ந்த குட்டி மகள். அந்த ஒரு படம் போதும். மறு வருஷம் ஸ்லீட் இதழியலுக்கான புலிட்சர் பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். எர்னஸ்ட் விதர்ஸ் மெம்ஃபிஸில் எடுத்த படத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் ‘நான் ஒரு மனிதன்’ என்ற அட்டைகளோடு வரிசையாக நிற்கிறார்கள். கண்ணை மூடினால் அந்தப் படம் வருகிறது. ஹாரிஸ் எடுத்ததில் அப்படி ஒன்று சொல்லுங்கள்.

‘ஒன் ஷாட்’ என்பதையும் பெருமையாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? நேரமில்லாத ஆள், ஒன்று எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடினார். அவ்வளவுதானே?

இருட்டறை எழுதியது:

‘ஒன் ஷாட்’ பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பல வருஷம் பத்திரிகை டார்க் ரூமில் கிடந்தவன்.

ஹாரிஸ் வைத்திருந்தது ஸ்பீட் கிராஃபிக் என்ற பெரிய கேமரா. நாலுக்கு ஐந்து அங்குலத் தாள் பிலிம். ஒரு ஹோல்டரில் முன்பக்கம் ஒரு தாள், பின்பக்கம் ஒரு தாள், ஆக இரண்டே படம். படம் எடுக்கும் முறையைப் பாருங்கள்: ஹோல்டரைச் செருகு, மறைப்புத் தகட்டை உருவு, ஷட்டரைக் காக் பண்ணு, தூரத்தைக் கணித்து ஃபோகஸ் வை, அழுத்து. தகட்டைத் திரும்பச் செருகு, ஹோல்டரை வெளியே எடுத்துத் திருப்பிப் போடு. இதற்கிடையில் எரிந்துபோன ஃபிளாஷ் பல்பைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் வெடித்த பல்பு விரலைச் சுடும். கைக்குட்டையால் பிடித்துக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு தாள், ஒரு பல்பு, இரண்டுக்கும் விலை உண்டு. இரண்டாவது ஷாட்டுக்கு நீங்கள் தயாராவதற்குள் எதிரில் நிற்கும் மேயரின் முகத்தில் முதல் சிரிப்பு செத்துப்போயிருக்கும்.

அதனால் ஒரே ஷாட் என்பது அவசரத்தில் வராது. ஃபிளாஷ் எவ்வளவு தூரம் எட்டும், அந்த அறையின் சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தருமா தராதா, ஆள் எந்த நொடியில் கேமராவை மறப்பான், இத்தனையும் பொத்தானை அழுத்துமுன் தலையில் முடிந்திருக்க வேண்டும். தளத்தில் எந்தக் கூட்டத்துப் படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். இருபது பேர் நிற்கும் படத்தில் கண் மூடியவர் எத்தனை பேர் என்று தேடுங்கள்.

இன்னொன்று, தொழிலில் இருந்தவர்களுக்கு மட்டும் உறைக்கும். அந்தக் காலச் செய்தித்தாளுக்குப் போட்டோவை ஹாஃப்டோன் பிளாக் எடுப்பார்கள், அதாவது ஸ்கிரீன் வழியாகப் படத்தைச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்து அச்சுக்கட்டை ஆக்குவார்கள். முரட்டு ஸ்கிரீன், மட்டமான நியூஸ்பிரிண்ட், மை பரவும். நிழலில் இருப்பதெல்லாம் அடைத்துக்கொண்டு ஒரே கறுப்பாகிவிடும். கறுத்த முகத்தில் கண்ணும் புன்னகையும் தாளில் தெரியவேண்டுமென்றால் எடுக்கும்போதே வெளிச்சத்தை அந்த முகத்துக்காக வைக்க வேண்டும். ஹாரிஸ் படங்களில் ஒரே வரிசையில் நிற்கும் வெளுத்த முகம், மாநிறம், கன்னங்கரேல் முகம் மூன்றிலும் விவரம் இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் வெளுத்துப்போகவில்லை. இதை ஒரே தாளில் கொண்டுவந்தவர் வெறும் அவசரக்காரராக இருக்க முடியாது, மழைக்காகம்.

நாலாம்பக்கம் எழுதியது:

“கல்யாணம், சங்க விருந்து எல்லாம் செய்தியா?” என்ற கேள்விக்குப் பதில் ஹாரிஸிடம் இல்லை, கூரியர் என்ற செய்தித்தாளில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இவரை எடை போட முடியாது.

1907ல் எட்வின் ஹார்ல்ஸ்டன் என்பவர் தொடங்கினார். ஹைன்ஸ் உணவுத் தொழிற்சாலையில் காவலாளி. கவிதை எழுதுவார், அதை அச்சிட ஒரு தாள் வேண்டும் என்றுதான் ஆரம்பம். 1910ல் ராபர்ட் வான் என்ற வழக்கறிஞர் கைக்கு வந்தபின் அது வேறு ஆகிருதி எடுத்தது. வார இதழ்தான். ஆனால் ஊருக்கு ஒரு பதிப்பு என்று நாடு முழுக்கப் போனது. தென் மாநிலங்களில் பல இடங்களில் வெளிப்படையாக விற்க முடியாது. ரயிலில் பணிபுரிந்த கறுப்பின புல்மேன் ஊழியர்கள் கட்டுகளை மறைத்து எடுத்துப் போய்ச் சேர்த்தார்கள். 1940களின் பிற்பாதியில் விற்பனை மூன்று லட்சத்தைத் தாண்டியது. 1942ல் ‘இரட்டை வெற்றி’ இயக்கம்: வெளியே பாசிசத்தின் மீது ஒரு வெற்றி, உள்ளே நிறவெறியின் மீது ஒரு வெற்றி. கான்சஸ் மாநிலத்தில் விமானத் தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்த ஓர் இளைஞர் எழுதிய வாசகர் கடிதத்தில் பிறந்த யோசனை அது. கறுப்பின பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் 1947ல், அதுவரை வெள்ளையர்கள் மட்டுமே ஆடிவந்த பெரிய லீக்கில் கால் வைப்பதற்குப் பின்னால் கூரியரின் விளையாட்டு எழுத்தாளர் வெண்டெல் ஸ்மித்தின் பல வருஷப் போராட்டம் உண்டு.

இப்படிப்பட்ட தாளின் உள்ளூர்ப் பக்கங்களுக்கு ஹாரிஸ் படம் கொடுத்தார். அதே காலத்து வெள்ளையர் நாளிதழில் ஒரு கறுப்பினத்தவர் படம் வரவேண்டுமானால் அவர் கைதாகியிருக்க வேண்டும், அல்லது குத்துச்சண்டை வீரராக இருக்க வேண்டும். ஒரு கறுப்பினப் பெண் நர்சிங் பட்டம் வாங்கினாள், ஒரு குடும்பம் சொந்த வீடு கட்டியது, ஒரு தேவாலயம் கடனை அடைத்தது என்பதெல்லாம் அங்கே செய்தி கிடையாது. கூரியரில் அவை செய்தி. தன் மகளின் கல்யாணப் படம் பத்திரிகையில் வரும் என்று ஒரு எஃகு ஆலைத் தொழிலாளி எதிர்பார்க்க முடிந்தது. அந்த எதிர்பார்ப்பை உண்டாக்கியது இதழியல் வேலைதான். என்னைக் கேட்டால் தலையங்கத்துக்கு எந்த வகையிலும் குறைந்தது இல்லை.

தெருவிளக்கு எழுதியது:

நாலாம்பக்கம் அண்ணன் சொன்னதற்கு மேல் ஒரு ஒப்பீடு. 1955ல் யூஜீன் ஸ்மித் என்ற பெரும் புகைப்படக்காரரை நூறு படம் எடுத்துத்தரச் சொல்லி பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பினார்கள். அவர் அந்த நகரத்தின் மேல் பித்துப் பிடித்து சுமார் 17,000 படங்கள் எடுத்தார். உலை நெருப்பு, புகை, பாலம், தனி மனிதன். மகத்தான படங்கள். ஆனால் அவை வெளியூர்க்காரர் பார்த்த பிட்ஸ்பர்க். அதே வருஷம் அதே தெருக்களில் ஹாரிஸும் நடந்துகொண்டிருந்தார். அவர் படத்தில் இருப்பவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தப் பழக்கம் ஒரு வருஷத்தில் வராது.

மழைக்காகம் ‘ஒரு படம்’ கேட்டார். இரண்டு தருகிறேன். 1944, ஸ்டான்லி தியேட்டர் ஒப்பனை அறையில் பாடகியும் நடிகையுமான லீனா ஹோர்ன். நேராக அவரை எடுக்காமல் கண்ணாடிக்குள் பிடித்திருக்கிறார். நட்சத்திரம் மேடைக்குப் போகும் முன் வேலைக்குக் கிளம்பும் ஒரு பெண்ணைப் போலத் தன் முகத்தைச் சரிபார்க்கும் நேரம் அது. இன்னொன்று 1963 ஜனவரி. பின்னாளில் முகம்மது அலி ஆகப்போகும் காஷியஸ் கிளே ஒரு குத்துச்சண்டைக்காக பிட்ஸ்பர்க் வந்திருக்கிறார். ஹோட்டலில் தன் அம்மாவை இரண்டு கையாலும் அலாக்காகத் தூக்கி நிற்கிறார். சவடால் பேசும் அவர் வாயை உலகமே படமெடுத்துக்கொண்டிருந்த காலம். ஹாரிஸின் படத்தில் தெரிவது ஓர் அம்மாவின் மகன்.

ஆற்றங்கரை எழுதியது:

நான் பிட்ஸ்பர்க்வாசி, வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டேன். ஹில் டிஸ்ட்ரிக்டின் கீழ்ப்பகுதியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். ஹாரிஸின் படங்களுக்கு இன்றைக்கு இருக்கும் கனம் பாதி அங்கிருந்து வருகிறது.

1956ல் ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் லோயர் ஹில்லை இடிக்கத் தொடங்கினார்கள். 95 ஏக்கர், சுமார் 1,300 கட்டடங்கள், 400க்கு மேற்பட்ட கடைகள். 8,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். பெத்தேல் ஏ.எம்.ஈ. என்ற பெரிய செங்கல் தேவாலயத்தையும் 1957ல் தரைமட்டமாக்கினார்கள். காலியான இடத்தில் 1961ல் கூரை திறந்து மூடும் சிவிக் அரீனா அரங்கம் வந்தது. சுற்றிலும் கார் நிறுத்த நிலம். மக்களுக்குச் சொன்ன வீடுகள் வரவில்லை.

ஹாரிஸ் இதையும் எடுத்தார். அதற்கு முந்தைய இருபது வருஷத்தையும் அவர்தான் எடுத்து வைத்திருந்தார். கடைப் பலகை, பார்பர் ஷாப் நாற்காலி, வைலி அவென்யூவில் சனிக்கிழமை இரவு. நகராட்சிக் கோப்பில் அந்தப் பகுதிக்கு ‘சேரி’ என்று ஒரு பெயர் மட்டும் உண்டு. இடித்ததற்கு நியாயமும் அந்த ஒரு பெயர்தான். ஹாரிஸின் படத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கோப்பைப் படித்தால் வயிறு எரியும்.

1969ல் கிராஃபர்ட் தெருவும் சென்டர் அவென்யூவும் சேரும் இடத்தில் மக்கள் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்தார்கள். ‘இந்த இடத்துக்கு மேல் புதுப்பிப்பு கிடையாது’ என்று நகராட்சிக்கு எச்சரிக்கை. அந்தப் பலகையின் படமும் ஹாரிஸுடையது. மழைக்காகம் கேட்ட செய்திப் படம் இதுவாகவும் இருக்கலாம்.

மழைக்காகம் எழுதியது:

ஆற்றங்கரைக்கு நன்றி. கல்யாணப் படத்தையும் இடிபாட்டுப் படத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்தத் தொகுப்பு பேசுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒரே படத்தை வைத்து இவரை அளக்கக் கூடாது, சரி.

ஆனால் ‘உள்ளூர்க்காரர், நம்மவர்’ என்பதை எல்லோரும் தகுதியாக மட்டுமே சொல்கிறீர்கள். அதில் ஆபத்தும் இருக்கிறது. நான் குறிப்பிட்ட விதர்ஸையே பாருங்கள். கிங்கின் அறைக்குள்ளேயே போய்வரும் அளவுக்கு நம்பிக்கைக்குரியவர். அவர் எஃப்.பி.ஐ.க்குத் தகவல் கொடுத்தவர் என்பதை அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, 2010ல் மெம்ஃபிஸ் நாளிதழ் ஒன்று வெளிக்கொண்டு வந்தது. எல்லாக் கதவும் திறந்திருந்தது என்பதே அவரை உளவுத்துறைக்கு உபயோகமாக்கியது.

ஹாரிஸ் மேல் அப்படி எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, அதைச் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் நம்பர்ஸ் முதலாளி. ஏழைகளின் காசு தினமும் அந்தப் பெட்டிக்குள் போகிறது. தம்பி அதைக் குற்றமாகக் காட்டி ஒரு படமாவது எடுத்திருப்பாரா?

தெருவிளக்கு எழுதியது:

நியாயமான கேள்வி. நம்பர்ஸ் ஆட்களை அவர் விரோதியாகப் பார்க்கவில்லை. படங்களில் அவர்கள் நல்ல சூட் போட்ட பெரிய மனிதர்கள்.

ஆனால் அந்தப் பணம் எங்கே சுற்றியது என்பதையும் பாருங்கள். வங்கி கறுப்பினத்தவருக்கு வீட்டுக் கடன் தராத காலம். வூகியின் கூட்டாளி கஸ் கிரீன்லீ அதே பணத்தில் கிராஃபர்ட்ஸ் அணியை வாங்கி, 1932ல் சொந்தமாக ஒரு பேஸ்பால் மைதானமே கட்டினார். கறுப்பின பேஸ்பாலின் பெரும் நட்சத்திரங்களான சாட்சல் பெய்ஜும் ஜோஷ் கிப்சனும் அங்கே ஆடினார்கள். வூகியின் பெரிய வீட்டில்தான் மேரி கார்ட்வெல் டாசன் 1941ல் நிறுவிய தேசிய நீக்ரோ ஓபரா கம்பெனி இயங்கியது. கறுப்பினப் பாடகர்களைப் பெரிய ஓபரா மேடைகள் சேர்க்காத நாட்கள் அவை. ஏழைகளிடமிருந்து எடுத்தார்கள் என்பதும் உண்மை, வேறு யாரும் தராததைத் தந்தார்கள் என்பதும் உண்மை. ஹாரிஸ் இரண்டாவதை நிறையக் காட்டினார், முதலாவதைக் காட்டவில்லை. அது அவருடைய எல்லை என்று நீங்கள் எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

நாலாம்பக்கம் எழுதியது:

எனக்கு மனதில் அறுத்துக்கொண்டே இருப்பது அவருடைய கடைசிக் காலம்.

கூரியர் 1966ல் நொடித்துப்போய் ‘சிகாகோ டிஃபெண்டர்’ குழுமத்திடம் கைமாறியது. ‘நியூ பிட்ஸ்பர்க் கூரியர்’ என்று பெயர் மாறியது. ஹாரிஸ் அதற்குப் பிறகும் சில வருஷம் எடுத்தார். ஓய்வுக்குப் பின் கையில் பெரிதாக எதுவும் இல்லை. இருந்தது நெகட்டிவ் மட்டும். 1986ல் உள்ளூர் வியாபாரி ஒருவர் 3,000 டாலரும் வருங்கால ராயல்டியும் என்று சொல்லி மொத்தத் தொகுப்பையும் எடுத்துப் போனார். நாற்பது வருஷ உழைப்பு, 3,000 டாலர். ஹாரிஸ் தரப்பு கடைசியில் நீதிமன்றம் போனது. அவர் 1998 ஜூனில், 90 வயதுக்குச் சில வாரம் இருக்கும்போது இறந்துவிட்டார். அதன்பிறகே தீர்ப்பு வாரிசுகளுக்குச் சாதகமாக வந்தது. 2001ல் கார்னகி அருங்காட்சியகம் வாரிசுகளிடமிருந்து வாங்கியது.

பத்திரிகையில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: ஹாரிஸிடம் நெகட்டிவ் இருந்ததால்தான் இன்று இந்த இழையே இருக்கிறது. பெரும்பாலான பத்திரிகைகளில் படம் நிறுவனத்துக்குச் சொந்தம். இடம் மாறும்போது அலமாரியோடு போய்விடும். உங்கள் ஒப்பந்தத்தில் உரிமை யாருக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள். மூத்தவர்களிடம் யாராவது பழைய பெட்டிகளைக் கேட்டு வந்தால் எழுத்து வாங்காமல் கொடுக்க விடாதீர்கள்.

இருட்டறை எழுதியது:

வாங்கிய பிறகு நடந்த வேலையும் சாதாரணமில்லை. அசிடேட் பிலிம் காலப்போக்கில் வினிகர் நெடி அடித்துச் சுருங்கும். மேல்பூச்சு வாய்க்கால் வாய்க்காலாக உயரும். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். குளிரூட்டிப் பிரித்து வைக்க வேண்டும். அந்த நிலையில் பல்லாயிரக்கணக்கில் ஸ்கேன் செய்து பொதுமக்கள் தேடிப் பார்க்கும்படி போட்டிருக்கிறார்கள்.

அதைவிடக் கஷ்டம் பெயர். வாராவாரம் அச்சுக்கு ஓடும் ஆள் உறையில் என்ன எழுதி வைப்பார்? பெரும்பாலான நெகட்டிவ்களில் ஆள் பெயரோ தேதியோ இல்லை.

ஆற்றங்கரை எழுதியது:

அதற்குத்தான் அருங்காட்சியகம் ஊர்க்காரர்களிடம் போனது. படங்களைப் பிரிண்ட் போட்டு வைத்து, முதியவர்களை வரவழைத்து, “இது யார், எந்தத் தெரு” என்று கேட்டார்கள். பழைய கூரியர் இதழ்களோடு ஒப்பிட்டார்கள். பின்னால் தெரியும் காரின் மாடல், சுவரில் தொங்கும் காலண்டர், கடைப் பலகை எல்லாம் தேதி சொல்லும். அதனால்தான் இன்று தளத்தில் தலைப்புகள் ஒரு பத்தி நீளத்துக்கு இருக்கின்றன: இடமிருந்து வலம் யார் யார், யார் சந்தேகம், எந்த முகவரி, பின்னணியில் என்ன கடை. சிறுமியாக ஹாரிஸ் கேமரா முன்னால் நின்ற ஒரு பெண்மணியே பிற்காலத்தில் அந்தக் காப்பகத்தைக் கவனிக்க வந்தார்.

2011 அக்டோபரில் பெரிய கண்காட்சி திறந்தது. அதே மாதங்களில், 8,000 பேரை விரட்டிக் கட்டிய அந்த சிவிக் அரீனாவையும் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது வருஷம்தான் நின்றது. பெத்தேல் தேவாலயத்துக்குப் பழைய இடத்தின் அருகே நிலம் கொடுக்க 2023ல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தளத்தில் தேட விரும்புகிறவர்களுக்கு: ஹாரிஸ் பெயரோடு தெருப் பெயரையோ பகுதிப் பெயரையோ சேர்த்துத் தேடுங்கள். வைலி அவென்யூ, சென்டர் அவென்யூ, ஹோம்வுட். பிரபலங்களின் பெயரைப் போட்டால் ஏற்கெனவே எல்லோரும் பார்த்த முப்பது நாற்பது படம்தான் முன்னால் வரும். ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று தலைப்பில் உள்ளவை இன்னும் ஏராளம். அடையாளம் தெரிந்தால் அருங்காட்சியகத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். இங்கே என் பக்கத்து வீட்டுப் பாட்டி தன் பள்ளிக்கூட வகுப்புப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். வார இறுதியில் அவரோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். கிடைத்தால் இங்கே எழுதுகிறேன்.